காயாத பாதி முகம்

சாரதா,

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு நீயும் மாப்பிள்ளையும் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். உன் அம்மா நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள் அறையில் உன் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. "நீங்க பெயிண்ட் பண்ணுவேளாமே? உங்கம்மா சொன்னா" என்று அவர் கேட்டார். நீ சிரித்தாய். "அதெல்லாம் அப்போ. நேக்குப் பொறுமை போறாது. காயறதுக்குள்ள படத்தைத் தூக்கிண்டு ஓடினவ நான். அங்க போய்ப் பொய் வேற சொன்னேனாம்." "என்ன பொய்?" என்றார் அவர். "அதான் நேக்கு இன்னி வரைக்கும் தெரியலை" என்று நீ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

என் பேனா கும்பகோணம் விலாசம் ஒன்றின் நடுவில் நின்றுவிட்டது. அதே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன் போலிருக்கிறது, உறையில் மை பரவி ஊர்ப்பெயர் மறைந்துபோயிற்று. முப்பத்தோரு வருடமாக நிருபர் வேலை பார்க்கிறேன். விபத்து நடந்த இடங்களிலும் சவக்கிடங்கு வாசலிலும் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன், பேனா நின்றதில்லை. நீ சிரித்துக்கொண்டே சொன்னதில் ஒன்றுகூட உண்மை கிடையாது. உனக்குப் பொறுமை இல்லை என்பது தவறு. காய்வதற்குள் தூக்கிக்கொண்டு ஓடியது நீயில்லை. அங்கே நீ பொய் சொல்லவும் இல்லை. பொய் சொன்னது யார், அது என்ன பொய் என்பது ஏழு வருடமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது அப்படியே மறந்துபோய்விடும் என்று நினைத்திருந்தேன். உன் சுபாவமே அதுதான் என்று நீ இன்னொருவரிடம் அறிமுகம் செய்துகொள்ளும் அளவுக்கு அது உனக்குள் போயிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி, நடந்தது நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அதில் பாதி நான் உனக்குச் சொல்லிவைத்தது என்பதால் நீ எல்லாவற்றையும் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எழுபத்தொன்றில் உனக்கு இருபது வயது. அடையாறில், பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய தோட்ட வீட்டில் ஒருவர் ஓவியப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். பட்டம் கிடையாது. வருடத்துக்கு ஐந்து பேரை மட்டும் எடுப்பார். சேர விரும்புகிறவர்கள் பழைய மேல்நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தன் கையாலேயே நகல் செய்து கொண்டுவர வேண்டும். அதுதான் பரீட்சை. எங்கள் ஆபீசுக்கு வரும் வெளிநாட்டு வாரப் பத்திரிகை ஒன்று பழைய பேப்பர் கட்டுக்குப் போக இருந்தது. அதில் முழுப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம் இருந்ததால் உனக்காக எடுத்துவந்தேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கிழவர். இடது பக்கம் மேலேயிருந்து ஒரு வெளிச்சம் விழுகிறது. நெற்றி, மூக்குத்தண்டு, ஒரு கன்னம், தாடியில் கொஞ்சம். அவ்வளவுதான் தெரியும். மற்றப் பாதி முகமும் உடம்பும் அவர் உட்கார்ந்திருந்த அறையும் இருட்டு. அந்த இருட்டுக்குள் உற்றுப் பார்த்தால் இன்னொரு கண் இருக்கும், குண்டூசித் தலை அளவுக்கு ஈரமாக ஒரு புள்ளி.

"ஏண்டி, இன்னொரு கண் எங்கடி இவருக்கு? பாதி மூஞ்சில கரியைப் பூசிண்டு உக்காந்திருக்கார்!" என்றாள் அம்மா.

"உள்ளே இருக்கும்மா. கொஞ்ச நாழி நின்னு பாரு."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு சட்டென்று ஒரு அடி பின்னால் வைத்தாள். "ஐயய்யோ, நம்பளையேன்னா பாத்துண்டிருக்கார்! இதைக் கூடத்துல மாட்டிடாதே, வரவா பயந்துப்பா."

உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நீயே செய்து செய்து பார்த்தாய். காடாத்துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தாய். மாட்டுத்தோலில் செய்யும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி அதில் சாக்குக்கட்டிப் பொடியைக் கலந்து பூசினாய். அந்த நாற்றத்துக்காக அம்மா மூன்று நாள் உன்னைச் சமையலறைப் பக்கம் விடவில்லை. பத்திரிகைப் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டாய், துணியில் அதைப்போல மூன்று மடங்கு பெரிய கட்டம் போட்டாய். பிறகு துணி முழுக்கப் பழுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பூசிவிட்டு, வெளிச்சம் விழவேண்டிய இடத்தை மட்டும் கிழிந்த வேட்டித் துண்டால் துடைத்தாய். நீ துடைத்த இடத்தில் ஒரு நெற்றி வந்தது. அப்போது உன் பின்னால் நின்றிருந்தவன் நான்தான். யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்ட மாதிரி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை உன்னிடம் சொல்லவில்லை. "ம், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்று சொல்லாத தகப்பன் நான் என்பதும் இந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.

வெளிச்சப் பக்கத்தை ஒரு மாதத்தில் முடித்தாய். இருட்டுப் பக்கத்துக்குத்தான் அதிக நாள் ஆகும் என்றாய். "இருட்டுன்னா கறுப்பு இல்லைப்பா. கறுப்பை அப்பினா துணியில ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். பழுப்பு, நீலம், துளி சிவப்பு, எல்லாத்தையும் எண்ணெய்ல தேன் மாதிரி கரைச்சு மேல மேல விடணும். ஒண்ணு காஞ்சப்புறம்தான் அடுத்தது" என்றாய். தினமும் காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலையாகப் படத்தின் ஓரத்தில் சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பாய். ஒட்டினால் அன்றைக்கு வண்ணப் பெட்டியைத் திறக்கமாட்டாய். உனக்குப் பொறுமை இல்லை என்று நீ சொன்னதால் இதை எழுதுகிறேன். நான் பார்த்தது இது.

எண்ணெய் தீர்ந்தது. நீ வைத்திருந்த இருமல் மருந்து சீசாவை என்னிடம் கொடுத்து, "லின்சீட் ஆயில்தான்பா. ஆளிவிதை எண்ணெய். வேற எதைக் குடுத்தாலும் வாங்கிண்டு வராதே" என்றாய். தி. நகரில் நான் வழக்கமாகப் போகும் வழியில் ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக எல்லாரும் திருநெல்வேலி போயிருப்பதாக ஷட்டரில் அட்டை தொங்கியது. அடுத்த தெருவில் இன்னொரு கடை உண்டு. நல்ல வெயில். பத்து நிமிடம் நடந்திருந்தால் போதும். நான் நடக்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். நீயும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். சமையலறையில் நல்லெண்ணெய் டின் இருந்தது. பார்ப்பதற்கு அதே பொன்னிறம். இரண்டும் விதையிலிருந்து எடுப்பதுதானே என்று நினைத்தேன். சீசாவில் ஊற்றி மூடிவைத்தேன். நாளைக்கு நிஜ எண்ணெய் வாங்கி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு. அதற்கடுத்த நாள் வேறு ஏதோ.

அன்று சாயங்காலமே நீ கேட்டாய்: "அப்பா, எண்ணெய் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?" வண்ணத்தில் கலக்கும் டர்ப்பன்டைன் நெடியில் உனக்கு வாசனை பிடிபடவில்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. "புது டின் உடைச்சுக் குடுத்தான்" என்றேன். ஒரு பொய்யோடு ஒரு விவரத்தைச் சேர்த்துவிட்டால் அதை யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள் என்பது என் தொழிலில் நான் கற்றுக்கொண்டது. மற்றவர்கள் என்னிடம் சொன்ன பொய்களிலிருந்து கற்றேன். உன்னிடம் பயன்படுத்தினேன்.

அதற்குப் பிறகு பூசியது காயவில்லை. நான்கு நாள் பார்த்தாய். ஒன்பது நாள் பார்த்தாய். "ஏம்பா காயமாட்டேங்கறது?" என்று கேட்டாய். "கடல் காத்துடி. மாடில போட்ட அப்பளமே காயலை" என்று அம்மா பதில் சொன்னாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அடையாறு போகவேண்டிய நாள் வந்தது. முதல்நாள் நீ, "அடுத்த வருஷம் போறேன்பா. இது இன்னும் ஆகலை" என்றாய். இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "அடுத்த வருஷம் யார் கண்டா? கிளம்பு" என்று சொன்னது நான். திறந்தபடியே எடுத்துப்போகலாம் என்று நீ கெஞ்சினாய். "ரோடு பூரா புழுதி, போறவன் வரவனெல்லாம் பாப்பான்" என்று சொல்லி, எங்கள் பேப்பரை நாலாக மடித்து முகத்தின்மேல் போட்டுச் சணல்கயிற்றால் இறுகக் கட்டியதும் நான்தான்.

மயிலாப்பூரிலிருந்து சைக்கிள் ரிக்ஷாவில் போனோம். "பாத்துக் குந்து பாப்பா. இன்னா அது, கண்ணாடியா?" என்றான் ரிக்ஷாக்காரன்.

"படம்."

"சாமி படமா?"

"இல்லை, ஒரு வயசானவர் படம்."

"உங்க தாத்தாவா?"

"இல்லை. யாருன்னு தெரியாது."

அவன் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "யாருன்னே தெரியாத ஆளையா இம்மாம் பத்திரமா மடில வச்சிக்கினு போறே? இன்னா நைனா, நீ கேக்க மாட்டியா?" என்றான் என்னிடம். அடையாறு பாலம் வரைக்கும் நீ சிரித்துக்கொண்டே வந்தாய்.

பள்ளியை நடத்தியவர் வராந்தாவில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார். பேப்பர் வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். கிழிகிற சத்தம் கேட்டது. வெளிச்சப் பக்கம் சுத்தமாக விட்டுவந்தது. நெற்றியும் மூக்கும் கன்னமும் நீ வரைந்தபடியே இருந்தன. இருட்டுப் பக்கம் பேப்பரோடு வந்துவிட்டது. சில இடத்தில் முதலில் பூசிய மெல்லிய பழுப்பு தெரிந்தது, சில இடத்தில் பேப்பர் துண்டுகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கண் இருந்த இடத்தில் பங்குச் சந்தை விலைப் பட்டியலில் ஒரு துண்டு இருந்தது. இருட்டு போனதும் அந்தக் கிழவர் யாரோ ஒருவராகிவிட்டார், காலண்டரில் இருப்பவர்போல. நீ வாயைக் கையால் மூடிக்கொண்டாய்.

அவர் அந்த வண்ணத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "என்ன ஆயில் விட்டே?"

"லின்சீட் ஆயில் சார்."

"இது லின்சீட் இல்லம்மா. ஒண்ணு, நீ பொய் சொல்றே. இல்லேன்னா காயறதுக்குள்ள மேல மேல பூசியிருக்கே, பொறுமை இல்ல. ரெண்டும் இந்த வேலைக்கு ஆகாது."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எண்ணெய் வாங்கிவந்தது அப்பாதானே, அப்பா சொல்லட்டும் என்று பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, அதில் ஒரு விரிசல். மேஜைக் காலிலிருந்து தொடங்கி, இடது பக்கம் வளைந்து, வாசற்படி வரைக்கும் போயிருந்தது. இன்று கேட்டாலும் வரைந்து காட்டுவேன். 'ஐயா, எண்ணெய் என் தவறு' என்று சொல்ல நாலு சொல் போதும். யார் யார் வாயிலிருந்தோ பேச்சை வரவழைத்தவனுக்கு அந்த நாலு சொல் வரவில்லை. அந்த மனிதர் முன்னால், உன் முன்னால், மகளிடம் பொய் சொன்னவனாக நிற்கவேண்டும் என்ற கூச்சம். வேறு காரணம் கிடையாது. அது ஒரு பெரிய காரணமாக இருந்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது, "விடும்மா. கொஞ்சம் பொறுத்திருந்திருக்கலாம்" என்றேன். பொறுத்திருக்கிறேன் என்று சொன்ன பெண்ணிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டதற்கு, "காயறதுக்கு முன்னாடி எடுத்துண்டு போயிட்டா" என்றேன். அதுதான் முதல் செய்தி. அத்தை அதைக் கேட்டு மாமாவிடம் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், 'சாரதாவா, அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்' என்று வீட்டில் ஒரு வழக்கே ஆகிவிட்டது. கடைசியில் நீயும் அதையே சொல்ல ஆரம்பித்தாய். அந்த வருடமே டைப்ரைட்டிங் முடித்துக் கிண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாய். வண்ணப் பெட்டியை யாருக்குக் கொடுத்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவசரநிலைக் காலத்தில் தணிக்கை அதிகாரி என் செய்தியில் பாதியை அடித்துவிட்டார் என்று சாப்பிடும்போது நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும். "நடந்ததை நடந்ததுன்னு சொல்ல விடமாட்டேங்கறான்!" என்று தட்டைத் தள்ளினேன். "மெதுவாப்பா, அடுத்தாத்துக்குக் கேக்கும்" என்று நீ ரசம் விட்டாய். என்னைப் பற்றி உனக்கு அப்போது பெருமையாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. நானும் அதை வாங்கிவைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அடையாறு போனேன். பள்ளி மூடி மூன்று வருடமாகிறதாம். அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு உன்னை நினைவில்லை. படமும் நினைவில்லை. "வருஷத்துக்கு முப்பது, நாப்பது பேர் வருவாங்க சார்" என்றார். உன்னை நிறுத்தியது அவருக்கு ஒரு நிமிடத்துப் பேச்சு. நல்லெண்ணெய் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "நல்லெண்ணெயா! இருட்டு வண்ணத்துல அதை விட்டா எந்தக் காலத்துல காயும்?" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பொண்ணைப் பொய் சொல்றேன்னா சொன்னேன் நான்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "வெளிச்சப் பக்கம் பேப்பரோட வரலைன்னு சொல்றீங்களே, அதை அவ முறையாப் பண்ணியிருக்கா சார். காஞ்சதுக்கு மேலதான் பூசியிருக்கா. நான்தான் சரியாப் பாக்கலை. இப்ப வரையறாளா?" என்றார். இல்லை என்றேன். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?" அதற்கும் இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு சார் முதல்ல வந்தீங்க?" என்றார்.

அந்தப் படம் பரணில் அப்பளக் குழவிக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று ஏணி வைத்து ஏறி இறக்கினேன். இருட்டுப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தை விரலால் தொட்டேன். ஏழு கோடை தாண்டிவிட்டது, சாரதா. இன்னும் பிசுபிசுக்கிறது. விரலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, சோப்பு போட்டுத் தேய்த்தும் ரேகையிலிருந்து சீக்கிரம் போகவில்லை.

இன்று காலை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லெண்ணெய் குறைஞ்சுதுன்னு அப்போ முனியம்மாவைன்னா கேட்டேன்! எடுத்தியான்னு மூஞ்சிக்கு நேரக் கேட்டேனேன்னா! அதனாலதானே அவ வேலையை விட்டு நின்னா!" என்றாள். இது எனக்குத் தெரியாது. நம் வீட்டில் பாத்திரம் தேய்த்த ஒரு பெண் திருட்டுப் பட்டத்தோடு போயிருக்கிறாள் என்பது இன்று காலைதான் தெரிந்தது. அவளைத் தேடிப் போகவேண்டும். அம்மா மத்தியானம் சாதம் போட்டபோது, "குழந்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் மகளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இப்போது குறைவு. தொழில் ரீதியாக ஒன்றுமட்டும் சொல்கிறேன். உன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அவருக்கு அது எப்படித் தெரியும், அப்படிச் சொல்வதில் அவருக்கு ஏதாவது சௌகரியம் இருக்கிறதா என்று கேள். பெற்றவர்கள் சொன்னாலும் கேள். கல்யாணமாகி நாக்பூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நீ வரையவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. வரைவதும் வரையாததும் உன் இஷ்டம். ஆனால் வரையாமல் இருப்பதற்கு உனக்குக் கொடுக்கப்பட்ட காரணம் தவறானது. அது தெரிந்தபிறகு நீயே தீர்மானம் செய்.

மாப்பிள்ளை வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். அவரிடம் உன்னைப் பற்றி ஒரு தவறான செய்தி போயிருக்கிறது. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று யோசித்து வை. எனக்கு உன்னைத் தெரியும். இதைப் படித்தால் முதலில் திகைத்துப்போவாய். பிறகு கோபம் வரும், வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்கப்புறம் என்மேல் இரக்கம் வந்து, "போனாப் போறதுப்பா, கல்யாண நேரத்துல உனக்கெதுக்கு அவமானம், அவர்கிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம்" என்று வந்து நிற்பாய். அதைமட்டும் நான் கேட்கப்போவதில்லை.

அப்பா